எலக்ட்ரிக் பிரஷ்: முதலில் ஹெட் விலையைப் பாருங்கள்

எலக்ட்ரிக் டூத்பிரஷ் வாங்க நினைக்கும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இப்போ எதுல ஆஃபர் போட்டிருக்கான்?" நவராத்திரியை ஒட்டி ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸும் அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவலும் தொடங்கும் வாரத்தில் இந்தக் கேள்வி ஸ்கிரீன்ஷாட்டோடு வரும். பெரிய எழுத்தில் 60 சதவீதத் தள்ளுபடி, பக்கத்தில் கோடு போட்டு அடித்த பழைய விலை, அதற்குக் கீழே குறைந்துகொண்டே வரும் நேரம். நான் பதிலுக்குக் கேட்பது, "அந்த பிரஷ்ஷுக்கு மாற்று ஹெட் என்ன விலை?" என்றுதான். பெரும்பாலும் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் பிரஷ் என்பது இரண்டு பொருள். மோட்டாரும் பேட்டரியும் உள்ள ஹேண்டில் ஒன்று, மேலே மாட்டும் ஹெட் இன்னொன்று. ஹேண்டிலை ஒருமுறை வாங்கினால் சில வருடம் ஓடும். ஹெட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இழைகள் விரிந்துவிட்டால் அதற்கும் முன்னால். தள்ளுபடி எல்லாம் ஹேண்டிலில் போடுகிறார்கள். நம் பணம் போவது ஹெட்டில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிரஷ் ஆஃபரில் 1,200 ரூபாய், அதன் ஹெட் இரண்டு சேர்ந்த பாக்கெட் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரஷ் 2,400 ரூபாய், அதன் ஹெட் நான்கு சேர்ந்த பாக்கெட் 1,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு ஒருவருக்கு 12 ஹெட் வேண்டும். ஒன்று பெட்டியிலேயே வரும், மீதி 11. முதல் பிரஷ்ஷில் ஹெட்டுக்கு மட்டும் 4,950 ரூபாய் ஆகிறது. ஹேண்டிலோடு சேர்த்தால் 6,150. இரண்டாவதில் ஹெட்டுக்கு 2,750, மொத்தம் 5,150. விலை இரண்டு மடங்கு போட்டிருந்த பிரஷ்தான் 1,000 ரூபாய் குறைவாக முடிகிறது. அதே ஹேண்டிலைக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஹெட்டோடு பயன்படுத்தினால் வித்தியாசம் 3,400 ரூபாய்க்குப் போய்விடும். ஹெட் மாறிவிடாமல் இருக்கத்தான் சில கம்பெனி ஹெட்டுகளின் அடியில் வேறு வேறு வண்ணத்தில் ஒரு சின்ன வளையம் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஹேண்டில் போதும் என்பதை விற்கிறவர்கள் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஹெட் விலையைவிட முக்கியமான இன்னொன்று, அந்த ஹெட் இன்னும் இரண்டு வருடம் கழித்தும் கிடைக்குமா என்பது. ஓரல்-பியின் வட்ட ஹெட், அவர்களுடைய விலை குறைந்த வைட்டாலிட்டியிலும் பொருந்தும், ப்ரோ வரிசையிலும் பொருந்தும். அதனால் பல வருடமாகக் கடைகளில் நின்று விற்கிறது. ஆனால் 2020-ல் வந்த ஐஓ வரிசைக்கு அது சேராது. ஐஓவுக்குத் தனி ஹெட், விலையும் அதிகம். ஐஓவில் ஒரு மாடல் ஆஃபரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பிலிப்ஸ் சோனிகேரில் அழுத்தி மாட்டும் ஹெட்டுகள் இன்றைய பெரும்பாலான சார்ஜ் மாடல்களுக்குள் மாற்றி மாற்றிப் போடும்படி இருக்கும். பழைய திருகு வகைக்கும், பேட்டரி போட்டு ஓடும் சில மாடலுக்கும் சேராது. புதிதாக வந்திருக்கும் பல இந்திய பிராண்டுகளில் ஹேண்டில் பார்க்க அழகாக, விலை குறைவாக இருக்கிறது. ஹெட் அந்தக் கம்பெனியின் தளத்தில் மட்டும் கிடைக்கும். ஒருநாள் அந்த மாடலை நிறுத்திவிட்டால் நல்ல மோட்டாரோடு இருக்கும் ஹேண்டிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக அவற்றை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாங்கும்போதே ஒரு வருடத்துக்கான ஹெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள் என்கிறேன்.

சரி, எலக்ட்ரிக் பிரஷ் உண்மையிலேயே தேவையா?

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது அம்மாவால். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, சில நாள் காலையில் கையை முழுதாக மடக்கவே முடியாது. சாதாரண பிரஷ்ஷின் ஒல்லியான காம்பைப் பிடிக்க அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இறுக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டு கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் தேய்ப்பது நடக்கிற காரியம் இல்லை. வலி தாங்காமல் முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டு வந்துவிடுவார். கீழ்த்தாடையின் உள்பக்கத்தில் காரை படிந்து, ஈறு வீங்கி, பேஸ்ட் துப்பும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. பல் டாக்டர் காரையை எடுத்து முடித்த பிறகு அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, எலக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். ஹேண்டில் தடிமனாக இருப்பதால் முழு உள்ளங்கையால் பிடிக்கலாம், மணிக்கட்டை ஆட்டவே வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. எலக்ட்ரிக் பிரஷ் தோன்றியதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். 1954-ல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கை வூக் என்பவர் உருவாக்கிய பிராக்ஸோடென்ட், கையைச் சரியாக அசைக்க முடியாதவர்களையும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதை நேராக சுவர் பிளக்கில் செருகித்தான் பயன்படுத்த வேண்டும். வயர் இல்லாத, சார்ஜ் செய்து பயன்படுத்தும் பிரஷ்ஷை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1961-ல் கொண்டுவந்தது. 1992-ல் சோனிகேர் வந்தது. ப்ளூடூத்தும் வண்ணத் திரையும் எல்லாம் அதற்குப் பிறகு சேர்ந்தவை. வயதானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள், பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகள், படுக்கையில் இருப்பவருக்குப் பல் துலக்கிவிட வேண்டியவர்கள் ஆகியோர் வீட்டில் இருந்தால் இந்தச் செலவு வீண் இல்லை. ஆடம்பரம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

கை நன்றாக இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் பலன் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 4,600-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட 51 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குப் பல்லில் படியும் அழுக்குப் படலம் சாதாரண பிரஷ்ஷைவிட 21 சதவீதமும், ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைவாக இருந்தது. இந்த வித்தியாசத்தால் பல்லின் ஆயுளுக்கு எவ்வளவு நன்மை என்பது தெளிவாகவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே கையில் பணம் குறைவாக இருந்து, விரல்களும் நன்றாக இருந்தால், 40 ரூபாய் மென்மையான பிரஷ்ஷையே இரண்டு நிமிடம் நிதானமாகப் பயன்படுத்துங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒருமுறை பல்லைக் காட்டிக் காரையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. படிந்து கல்லாகிவிட்ட காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது.

இனி மாடல். கடையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு குடும்பத்தில் அடங்கும். வட்டமான சின்ன ஹெட், இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிச் சுழல்வது ஒன்று. ஓரல்-பி இந்த வகை. சாதாரண பிரஷ் போலவே நீளமான ஹெட், மிக வேகமாக அதிர்வது இன்னொன்று. அதை சோனிக் என்கிறார்கள். சோனிகேரும் பெரும்பாலான இந்திய பிராண்டுகளும் இந்த வகை. காக்ரேன் ஆய்வில் அதிக ஆதாரம் கிடைத்தது சுழலும் வகைக்கு. ஆனால் இரண்டு வகையையும் நேராக ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசம் சிறியது. அதனால் எது வாய்க்கு ஒத்துவருகிறதோ அதை எடுக்கலாம் என்பது என் கருத்து. வட்ட ஹெட் சின்னதாக இருப்பதால் கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் வரை போகும். வாயை அதிகம் திறக்க முடியாதவர்களுக்கு அது வசதி. சோனிக் பிரஷ் சத்தம் குறைவு, கையில் பழகிய நீள ஹெட்டாகவும் இருக்கும். முதல் சில நாள் மூக்கு வரை கூசும், அப்புறம் பழகிவிடும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வைட்டாலிட்டியில் நிமிடத்துக்கு 7,600 சுழற்சி, ப்ரோ வரிசையில் 8,800, சோனிகேரில் 31,000 அசைவு என்று போட்டிருப்பார்கள். கேள்விப்படாத பிராண்டில் 40,000 இருக்கும். சுழற்சியும் அதிர்வும் வேறு வேறு விஷயம். ஒரே வகைக்குள்ளும் போகவர இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் எண் இரட்டிப்பாகிவிடும். இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

பணம் கொடுத்து வாங்கத் தகுந்த வசதி என்று நான் நினைப்பது இரண்டுதான். ஒன்று டைமர். இரண்டு நிமிடம் ஓடி, 30 விநாடிக்கு ஒருமுறை சின்னதாக நின்று ஓடினால் வாயின் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்று தெரியும். இது இப்போது ஓரளவு நல்ல எல்லா பிரஷ்ஷிலும் வந்துவிட்டது. இன்னொன்று அழுத்தம் காட்டும் சென்சார். இதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஏன் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சமையலறையில் மாவு, சர்க்கரை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை அணைத்துவிட்டு, வழக்கமாகப் பல்லில் எவ்வளவு அழுத்துவீர்களோ அதே அளவுக்குத் தராசின் மேல் அழுத்துங்கள். ஐஓ பிரஷ்ஷில் அழுத்தம் சரி என்று பச்சை விளக்கு எரிவது 0.8 முதல் 2.5 நியூட்டன் வரை. தராசில் பார்த்தால் ஏறத்தாழ 80 முதல் 250 கிராம். எங்கள் வீட்டில் அப்பா அழுத்தியபோது 400 கிராமைத் தாண்டியது. அவர் ஐம்பது வருடமாக அப்படித்தான் துலக்குகிறார். மேல் கோரைப் பல்லில் ஈறு விலகி, பல்லின் வேர்ப்பகுதி மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. ஓரல்-பியில் ப்ரோ 3 மாடலில் அழுத்தினால் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்து வேகமும் குறையும். சோனிகேரில் 4100 போன்ற நடுத்தர மாடல்களில் கையில் அதிர்வு மாறி உணர்த்தும். கண்ணாடி இல்லாமல் பல் துலக்குகிறவர்களுக்குக் கையில் உணர்வது நல்லது. ஓரல்-பியின் அடிப்படை வைட்டாலிட்டி 100-ல் சென்சார் கிடையாது. மென்மையாகத் துலக்கும் அம்மா போன்றவர்களுக்கு அதுவே போதும். அப்பா போன்றவர்களுக்குப் போதாது.

ஐந்து மோட், ஏழு மோட் என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். வாங்கிய வாரம் எல்லா மோடையும் அழுத்திப் பார்ப்போம், பிறகு ஒன்றில்தான் ஓட்டுவோம். கூச்சம் உள்ளவர்களுக்கு மெதுவாக ஓடும் ஒரு மோட் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். போனில் ஆப்பைத் திறந்து வைத்து எந்தப் பல்லைத் துலக்கினோம் என்று பார்க்கும் வசதி பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் உற்சாகம் தரலாம். பெரியவர்களுக்கு அதன் விலையில் ஒரு வருட ஹெட் வாங்கலாம்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரிபிள்-ஏ செல் போட்டு ஓடும் மலிவு பிரஷ்கள் செல் இறங்க இறங்க வேகம் குறைந்துவிடும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. பயணத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் மாடலில் லித்தியம் பேட்டரி உள்ளவை இரண்டு வாரம் வரை தாங்கும். நம் ஊர் பாத்ரூமில் கீசருக்கான பெரிய பிளக் பாயிண்ட் மேலே இருக்கும், வாஷ்பேசின் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. சார்ஜரைப் படுக்கையறையில் வைத்து வாரம் ஒருமுறை சார்ஜ் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும். அதற்கு லித்தியம் மாடல் தோது.

இப்போது தள்ளுபடிக்கு வருகிறேன்.

முதலில் எம்ஆர்பி. சட்டப்படி அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். அந்த எம்ஆர்பியை வைப்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். 1,500 ரூபாய்க்கே வருடம் பூராவும் விற்கப்போகும் பொருளுக்கு 3,999 என்று அச்சிட எந்தத் தடையும் இல்லை. அச்சிட்டால் தினமும் 62 சதவீதத் தள்ளுபடி. எனவே சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் இந்தப் பொருள் என்ன விலைக்கு விற்றது, இன்று என்ன விலை என்பது மட்டும்தான் கேள்வி. அதைப் பார்க்க வழி இருக்கிறது. கீப்பா என்ற தளம் அமேசான் இந்தியாவின் விலை வரலாற்றைக் கோட்டுப் படமாகக் காட்டும். பைஹட்கே பல இந்தியத் தளங்களுக்கும் அதைச் செய்கிறது. அந்தக் கோடு மாதக்கணக்கில் படுக்கையாகக் கிடந்தால் இன்றைய "தள்ளுபடி விலை"தான் அதன் உண்மையான விலை. சில பொருள்களுக்கு விற்பனைத் திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் கோடு லேசாக மேலே ஏறி, திருவிழா அன்று பழைய இடத்துக்கே இறங்குவதையும் பார்க்கலாம். நிஜமாக இறங்கும் நாள்களும் உண்டு, குறிப்பாகப் பெரிய பிராண்டுகளின் நடுத்தர மாடல்களில். வேண்டிய மாடலை முன்பே முடிவு செய்து, விலை எச்சரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தால் அந்த நாள் பிடிபடும். ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி, ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி, தீபாவளிக்கு முன்னால் என்று வருடத்தில் சில வாய்ப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்று விட்டால் போயிற்று என்று எதுவும் இல்லை.

அந்த ஓடும் கடிகாரமும் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்ற வரியும் நம்மை அவசரப்படுத்தத்தான். பொய்யாக அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது உட்பட 13 வகையான தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறது என்பதற்காக எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்று நம்ப முடியாது. பணம் கட்டும் முன் கூடையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள்.

கார்டு தள்ளுபடியில் கவனிக்க வேண்டியது குறைந்தபட்சத் தொகை. 10 சதவீதம் கிடைக்கும், ஆனால் இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கியிருக்க வேண்டும் என்று இருக்கும். பிரஷ் மட்டும் அந்த எல்லையைத் தொடாது. அதைத் தொட வைப்பதற்காக வேண்டாத ஒன்றைச் சேர்க்காமல் ஹெட் பாக்கெட்டைச் சேருங்கள். என் அனுபவத்தில் ஹெட்டுகளுக்கு நேரடித் தள்ளுபடி அரிதாகத்தான் வருகிறது. அதனால் கார்டு தள்ளுபடியை ஹெட்டின்மேல் பயன்படுத்துவதுதான் நல்ல உபயோகம். ஹெட் கெட்டுப்போகிற பொருள் இல்லை, ஒரு வருடத்துக்கு வாங்கி வைக்கலாம். நான்கு சேர்ந்த பாக்கெட்டில் ஒரு ஹெட்டின் விலை இரண்டு சேர்ந்த பாக்கெட்டைவிடக் குறைவாக இருக்கிறதா என்று வகுத்துப் பாருங்கள். எப்போதும் குறைவாக இருப்பதில்லை.

மிகவும் மலிவாக ஒரு பிரஷ் திடீரென்று கிடைத்தால் பெட்டியில் உற்பத்தி மாதமும் வருடமும் பாருங்கள். பெட்டியில் அது அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் குடோனில் கிடந்த சரக்கில் பேட்டரி சும்மா கிடந்தே வயதாகியிருக்கும். தள்ளுபடியில் போவது பல நேரம் அப்படிப்பட்ட பழைய சரக்குதான். அடுத்து, விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் பெரியதாக இருந்தாலும் விற்கிறவர் வேறொருவராக இருப்பார். அந்தப் பெயரைத் தட்டி, அவர் வேறு என்ன விற்கிறார், என்ன மாதிரி குறைகள் வந்திருக்கின்றன என்று படித்துவிட்டு வாங்குங்கள். பிராண்டின் சொந்தக் கடை அதே தளத்தில் இருந்தால் 100 ரூபாய் கூடினாலும் அதில் வாங்குவது நல்லது.

போலி ஹெட்டுகளைப் பற்றியும், "இன்ன பிராண்டுக்குப் பொருந்தும்" என்று எழுதி விற்கும் மலிவு ஹெட்டுகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். இவை இரண்டும் ஒன்றல்ல. பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது ஏமாற்று இல்லை, அவற்றில் சுமாரானவையும் இருக்கின்றன. பார்க்க வேண்டியது இழையின் நுனி. நல்ல பிரஷ்ஷில் ஒவ்வொரு இழையின் நுனியையும் உருட்டி மழுக்கியிருப்பார்கள். மலிவானதில் வெட்டியது வெட்டியபடி கூராக நிற்கும். போன் கேமராவை நெருக்கமாக வைத்து, பெரிதாக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும். நான் ஒருமுறை அப்படி ஒரு மலிவு ஹெட்டைப் படம் எடுத்துப் பார்த்தேன். கொத்திலிருந்த இழைகள் ஒரே உயரத்தில்கூட இல்லை, சில நுனிகள் சாய்வாகச் சீவப்பட்டிருந்தன. அடியில் உலோகத் தண்டு நுழையும் துளையும் தளர்வாக இருந்தது, ஓடும்போது ஹெட் தடதடவென்று ஆடியது. அதை ஷூ துடைக்க வைத்துக்கொண்டேன். ஈறின் மேல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசப்போகும் பொருளில் மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் தம்பி, தங்கை வரும்போது வாங்கி வரச் சொல்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நவம்பர் கடைசியில் அங்கே பிளாக் ஃபிரைடேக்கு நன்றாகவே விலை குறையும். சொல்லும் முன் சார்ஜரைப் பற்றிக் கேளுங்கள். அமெரிக்காவில் 110, 120 வோல்ட். சார்ஜரின் அடியில் 100–240 என்று எழுதியிருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் போடலாம், பிளக் மாற்றி மட்டும் போதும். 110–130 என்று மட்டும் இருந்தால் இங்கே செருகவே கூடாது. பிளக் மாற்றி போட்டால் பிளக்கின் வடிவம்தான் மாறும், வோல்டேஜ் மாறாது. இங்கிலாந்தில் வாங்கியதில் இரண்டு முள் ஷேவர் பிளக் இருக்கும், வோல்டேஜ் பிரச்சினை இல்லை, நம் சாக்கெட்டில் இறுக்கமாக நிற்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப விலையை எடைபோடுங்கள். ஹெட் வாங்கி வரச் சொல்வதில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. எடையும் இல்லை, பெட்டியின் மூலையில் அடங்கிவிடும்.

பெற்றோருக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அவர்களுக்குப் பேஸ்மேக்கரோ வேறு கருவியோ உடம்பில் வைத்திருந்தால் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். பிரஷ்ஷோடு வரும் குறிப்பேட்டிலேயே இது எழுதியிருக்கும். கடந்த இரண்டு மாதத்தில் வாயிலோ ஈறிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும் பல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நின்று ஒருமுறை சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் டாக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தேய்க்காதீங்கம்மா. பல்லு மேல சும்மா வைங்க. ரெண்டு மூணு எண்ணிட்டு அடுத்த பல்லுக்கு நகர்த்துங்க. மீதிய அது பார்த்துக்கும்." பழக்கத்தில் கை தானாகத் தேய்க்கத்தான் போகும், முதல் வாரம் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷ்ஷை வாய்க்குள் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேஸ்ட் கண்ணாடி வரை தெறிக்கும், எரிச்சலில் அதோடு பிரஷ்ஷை மூலையில் வைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர். ஹெட்டைக் கழற்றிக் கழுவாமல் விட்டால் ஹேண்டிலின் கழுத்தில் வெள்ளையாக உப்பும் பேஸ்ட்டும் சேர்ந்து இறுகிவிடுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றி, இரண்டையும் கழுவித் தனித்தனியாகக் காய வைத்தால் பிரச்சினை இல்லை.

கடைசியாக, பெட்டி வந்த அன்றைக்கே திறந்து பாருங்கள். வாய்க்குள் வைக்கும் பொருள் என்பதால் பல இடங்களில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழுது இருந்தால் மாற்றித் தருவார்கள், அதற்கும் சில நாள்தான் கெடு. பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்தால் அந்தக் கெடு போய்விடும். திறக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், முழுதாக சார்ஜ் போட்டு, டைமரும் சென்சாரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பில்லை டவுன்லோடு செய்து போனில் தனியாக வையுங்கள். வாரன்டி கேட்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். விற்றவரும் கம்பெனியும் மாற்றி மாற்றிக் கையைக் காட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பில் எண், ஆர்டர் தேதி, ஹேண்டிலின் அடியில் உள்ள மாடல் எண், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.